ஏழு வருஷம் உழாத வயல்

மருந்து அடித்துப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இந்நேரம் களையெல்லாம் பழுத்து வாடித் தரையோடு ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். புல் கிடந்தது. மற்ற செடிகளும் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. தண்டு நல்ல சிவப்பு. கட்டுக் கட்டி விற்றால் கீரை என்று நம்பி வாங்கிப் போய்விடுவார்கள், அப்படி ஒரு இலை. மருந்து பட்ட நுனி கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கணுவுக்குக் கணு புதுக்கிளை விட்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

மோட்டார் கொட்டகையிலிருந்து கணவன் நிதானமாக வந்தான். அவள் குந்தி உட்கார்ந்து அந்தச் செடியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சாகலையே."

"சாகும். மேகமூட்டமா இருந்துச்சுல்ல, மெதுவாத்தான் புடிக்கும்."

"மத்ததெல்லாம் புடிச்சிருக்கே. இதுக்கு மட்டும் என்ன தனி மேகமா?"

அவன் செடியைப் பிடுங்கி ஓரமாக எறிந்தான். அவள் எழுந்து போய் அதை எடுத்து, வேரில் இருந்த மண்ணை உதறி, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் பைக்குள் போட்டாள். பிடுங்கிப் போட்ட இடத்திலேயே மறுபடி வேர் பிடித்து நிமிர்கிற செடிகள் உண்டு. இதைப் பார்த்தால் அந்த ரகமாகத்தான் தெரிந்தது.

இந்த வயலை இவர்கள் உழுது ஏழு வருடம் ஆகிறது. போன பயிரின் தாளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு நடுவில் ஒரு கோடு மாதிரி கீறி விதையை இறக்குகிற மிஷினை வாடகைக்கு எடுத்து விதைக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கமாகப் போனவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கிண்டல் வைத்திருந்தார்கள். முகச்சவரம் செய்யாத மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது வயல் என்றார் பக்கத்து வயல்காரர். உழக் காசில்லை போலிருக்கிறது என்றார்கள் சிலர். மூன்றாவது வருடம் பெருமழைக்கு எல்லார் வயலிலும் தண்ணீர் கட்டி நின்றபோது இவர்கள் வயல் மட்டும் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு கிண்டல் குறைந்துபோனது.

ஆரம்பித்து வைத்தது அவள்தான். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, இனி கலப்பை இந்த வயலுக்குள் கால் வைக்கக் கூடாது என்றாள். கணவன் வழிக்கு வர இரண்டு வருடம் ஆனது. வந்த பிறகு டீக்கடையில் அது தன் யோசனை மாதிரி பேசத் தொடங்கினான். அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பேர் யாருக்குப் போனால் என்ன, மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது, ஒவ்வொரு கைப்பிடியிலும் இரண்டு மண்புழு நெளிகிறது, அது போதும் அவளுக்கு.

ஆனால் ஒன்று. உழுகிறவர்களுக்குக் களை பத்து வேலையில் ஒரு வேலை. முளைத்ததைப் புரட்டி மண்ணுக்குள் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். உழாதவர்களுக்கு அந்த வழி இல்லை. மருந்து கொல்ல வேண்டும், மருந்து விட்டதைக் கை கொல்ல வேண்டும். அதனால் வெளியிலிருந்து புதுக்களை எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதில் அவள் ரொம்பக் கறார். மருந்து வண்டியின் டயரைக் கழுவாமல் உள்ளே விடமாட்டாள். செருப்பைக்கூடத் தட்டிவிட்டு வரச் சொல்லுவாள். "உங்க வீட்டம்மா வயலுக்குள்ள போறதுன்னா குளிச்சிட்டுத்தான் போகணும் போல" என்று கூலிக்கு வருகிறவர்கள் அவனிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

நிலம் இவர்களுடையது இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருடையது. டவுனில் இருக்கிறார். குத்தகைக்குக் கொடுத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "நீங்க உழுங்க, உழாம இருங்க, அது உங்க பாடு. ஆனா என் நிலத்துலேர்ந்து களை அடுத்தவன் நிலத்துக்குப் போச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. வந்தா நானே டிராக்டர விட்டுடுவேன்." டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். வழக்கமாகக் குரல் உயர்த்தாத கணவன் அன்றைக்குக் கடைவாசலில் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

"போலி மருந்த வித்துட்டு நீ பாட்டுக்கு ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்க. வந்து பாரு, களை என் இடுப்பு உசரம் நிக்குது."

முழங்கால் உயரம் என்று அவள் திருத்தப் போனாள். சண்டை நடுவில் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "மத்த களை செத்துச்சா?"

"செத்துச்சு" என்றாள் அவள்.

"அப்புறம் மருந்து எப்படிப் போலியாகும்? எந்தத் தண்ணியில கலந்தீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. மருந்து அடித்த அன்றைக்குப் போர் மோட்டார் ஓடவில்லை. பரவாயில்லை, வாய்க்கால் தண்ணியை எடுத்துக்குங்க என்று சொன்னது அவள்தான். "வாய்க்கால் தண்ணி. கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு."

"அங்கதான் கோளாறு. கலங்கல் தண்ணின்னா பாதி மருந்து அந்தச் சேத்துலயே ஒட்டிக்கும். செடிக்குப் போய்ச் சேராது. எளசா இருந்ததெல்லாம் செத்திருக்கும். தடிச்சது தப்பிச்சிடுச்சு."

வீட்டுக்கு வந்து, ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாங்க சொன்னேன், வாய்க்கால் தண்ணிய எடுக்க."

"விடு. தெரியாம நடந்தது" என்றான் அவன்.

"ஊருக்கெல்லாம் டயர் கழுவு, செருப்பத் தட்டுன்னு சொல்லிட்டு, நானே இப்படிப் பண்ணிட்டேனே."

"அட, விடுங்கறேன்ல. மனுஷன்னா தப்பே நடக்காதா? சாப்பிடு." முட்டையை உரித்து, உப்புத் தொட்டு அவள் தட்டில் வைத்தான். அந்த முட்டையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஏன் என்று பின்னால் தெரியும்.

மோட்டாரைச் சரி செய்ததும், போர் தண்ணீரில் புதிதாக மருந்து கலந்து, பத்துச் செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பழைய சேலைக் கிழிசலை அடையாளத்துக்குக் கட்டி, அவள் கையாலேயே அடித்தாள். ஒன்பது நாள் தினமும் காலையில் போய்ப் பார்த்தாள். பத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. பத்தாம் நாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தனியாகவே மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பையைப் பிரிக்காமலே அடையாளம் கண்டுகொண்டார்.

"இதையா சொன்னீங்க? செந்தண்டுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா தண்ணி மேல பழியப் போட்டிருக்க மாட்டேன். ரோட்டோரப் பெரிய பண்ணையில மூணு வருஷமா இது நிக்குது. வருஷா வருஷம் ஒரே மருந்த அடிச்சு அடிச்சு, அதுக்குப் பழகிப்போச்சு. நீங்க அமிர்தத்துல கலந்து அடிச்சாலும் அசையாது."

"வேற மருந்து?"

"முளைக்கிறதுக்கு முந்தி அடிக்கிறது ஒண்ணு இருக்கு. அது அடுத்த வருஷத்துக்கு. இவ்வளவு உசரம் வந்த பின்னாடி கைதான் மருந்து. பூத்து விதை கட்டுறதுக்குள்ள எடுத்துடுங்க. ஒரு செடி லட்சத்துக்கு மேல விதை போடும். ஒரே ஒரு செடி நின்னாப் போதும், உங்க உழாத வயலுக்கு அதோட முடிஞ்சுது."

"பெரிய பண்ணை எங்கயோ இருக்குது. எங்க வயலுக்கு எப்படி வந்துச்சு?"

"அதுக்குக் கால் இல்லம்மா. ஏதோ ஒண்ணு சுமந்துட்டு வந்திருக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே டீச்சரின் போன் வந்தது. பக்கத்து வயல்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டிருக்கிறார். டீச்சர் திட்டவில்லை. இன்னும் பத்து நாளில் வந்து பார்ப்பேன், பக்கத்து வயலை ஒட்டிய வடக்குப் பாதியில் பூவோடு களை நின்றால் உழுதுவிடுவேன் என்றார். "ஏழு வருஷமா நீ சொன்னத நான் கேட்டேன்ல. இத நீ கேளு" என்று வைத்துவிட்டார்.

களை பறிக்கிற வேலை எழுதிக் காட்டினால் சுலபமாகத்தான் இருக்கும். ஆளுக்கு நாலு வரிசை. குனிந்தபடியே போக வேண்டும். மக்காச்சோள இலையின் ஓரம் கத்தி மாதிரி. கையிலும் கழுத்திலும் கீறிக்கொண்டே இருக்கும். வேர்வை அதில் இறங்கினால் எரியும். அதற்காக அவள் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டாள். செந்தண்டின் வேர் மண்ணை மூடிக் கிடந்த பழைய தாளுக்கு அடியில் போய்ப் பிடித்திருந்தது. இழுத்தால் வராது. தாளை விலக்கி, கழுத்தைப் பிடித்து, ஒரு திருகு திருகி இழுத்தால்தான் வரும். ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டு, சாக்கு நிறைந்ததும் வரப்புக்குச் சுமந்துபோய்க் கொட்டி, சாயங்காலம் எரித்தார்கள். மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது இருவருக்கும் விரல் மடங்காது. டீயைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றும்போது மூடி நழுவி விழும்.

"கிழவனும் கிழவியும் ஆயிட்டோம் போல" என்பாள் அவள்.

"நீ ஆயிட்ட. நான் இன்னும் மாப்பிள்ளைதான்" என்பான் அவன். சிரிப்பார்கள். அந்தக் கஷ்டத்திலும் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது என்றால் அது இந்த மனுஷன் கூடவே குனிகிறானே என்பதுதான்.

நாலாம் நாள் வடக்கு மூலைக்கு வந்தார்கள். வயலுக்குள் வண்டி நுழைகிற வழி அங்கேதான். அங்கே செந்தண்டு தனித்தனியாக நிற்கவில்லை. ஒரு வண்டி நிற்கிற அகலத்துக்குத் திட்டாக, நாற்றங்கால் மாதிரி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றது. அவள் நிமிர்ந்தாள். அந்தத் திட்டிலிருந்து தெற்கே பார்த்தாள். இதுவரை குனிந்தே இருந்ததில் தெரியாதது இப்போது தெரிந்தது. செந்தண்டு கண்டபடி முளைக்கவில்லை. பட்டை பட்டையாகப் போயிருந்தது. முதல் பட்டை அடர்த்தி. அடுத்தது கொஞ்சம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. கோடு போட்ட நோட்டு மாதிரி வயலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவளுக்கு அளக்கத் தேவையே இல்லை. போன பருவத்தில் சோயாவை அறுத்த மிஷினின் அகலம் அது.

"என்னங்க, இது அறுப்பு மிஷின்ல வந்திருக்கு."

கணவன் அப்போதும் குனிந்துதான் இருந்தான். "காத்துல வந்திருக்கும்."

"காத்து இப்படி நேர்க்கோட்டுலயா வீசும்? இங்க பாருங்க. இங்க நுழைஞ்சிருக்கு, இப்படிப் போயிருக்கு, அங்க திரும்பியிருக்கு."

"இருக்கும். இப்ப அத ஆராய்ச்சி பண்ணி என்ன ஆகப் போகுது? பறிக்கிற வேலையப் பாப்போம்."

அறுப்பு மிஷினை ஓட்டுவது அவளுடைய சொந்தத் தம்பி. பெரிய பண்ணையிலும் அவன்தான் அறுக்கிறான். ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகும்முன் மிஷினின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, காலியாக ஓடவிட்டு, காற்றுக் குழாயால் மூலை முடுக்கெல்லாம் ஊத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மணி நேர வேலை. ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை. அக்காவுக்காக அவன் செய்வான். வருடா வருடம் பெரிய பண்ணையின் சிமெண்டுத் தரையிலேயே ஊதிவிட்டுத்தான் வருவான்.

போன அறுப்பு நாளில் அவள் ஊரில் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று படுத்திய பாட்டில் டவுனுக்குப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தாள். வந்து சேர்ந்தபோது அறுப்பு முடிந்து, தம்பியும் கணவனும் வீட்டுக் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. மிஷினை ஊதினீர்களா என்று கையாலும் கன்னத்தை உப்பியும் கேட்டாள். அவள் கன்னம் ஏற்கெனவே உப்பியிருந்ததால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு இருவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலையில், தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் தம்பியின் பட்டறைக்குப் போனாள். அவன் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் கையில் கொண்டுபோயிருந்த செந்தண்டை அந்தக் காலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"வெளிய வா."

அவன் வந்தான். செடியைப் பார்த்தான். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"ஊதாம வந்தியா அன்னைக்கு?"

"ஊதினேன்க்கா."

"பொய் சொல்லாத. உன் மிஷின் போன தடம் அப்படியே முளைச்சு நிக்குது."

"ஊதினேன். என் புள்ள மேல சத்தியமா ஊதினேன்."

"எங்க ஊதின? பெரிய பண்ணையிலயா?"

"அங்க விடல. அவங்க வேற வண்டிக்கு இடம் வேணும், கிளம்பு கிளம்புன்னுட்டாங்க."

"ரோட்டுலயா?"

அவன் இல்லை என்று தலையை அசைத்தான்.

"எங்கடா ஊதின?"

"உங்க வயல்லதான்" என்றான். "வடக்கு மூலையில."

அவளுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெளியில் கொட்ட வேண்டிய குப்பையைக் கொண்டுவந்து, வீட்டுக்குள் வைத்துத் தட்டிவிட்டு, பெட்டியைச் சுத்தம் செய்தேன் என்கிறான்.

"கூடப் பொறந்தவன்னு நம்பினேனே. ஊருல எவன் மிஷினையும் உள்ள விடமாட்டேன், உன்ன மட்டும் விட்டேன். என்கிட்ட தலையாட்டினியேடா."

"தப்புதான்க்கா."

"ஒரு வார்த்த அப்பவே சொல்லியிருந்தா, முளைச்சு வரும்போதே அந்த மூலைய மட்டும் பறிச்சுத் தீத்திருப்பேன். அஞ்சு மாசம் வாய மூடிட்டு இருந்திருக்க. இனிமே என் வாசல்ல கால் வைக்காத."

அவள் எழுந்து நடந்தாள். பட்டறைக் கதவுவரை போய்விட்டாள். பின்னால் அவன் சொன்னான்:

"வைக்கல. ஆனா ஒண்ண மட்டும் மாமாகிட்ட கேளுக்கா."

அவள் திரும்பினாள்.

"நான் ரோட்டுலதான் வண்டிய நிறுத்தினேன். கம்ப்ரசரையும் எறக்கிட்டேன். மாமாதான், மேகம் கட்டுது, ரெண்டு மணி நேரம் இங்க நின்னா சோயா நனைஞ்சிடும், உள்ள கொண்டுவந்து மூலையில வெச்சு சட்டுன்னு ஊதிட்டு ஆரம்பின்னாரு. அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும் மாமான்னேன். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாப்ள, நீ எதுவும் பேசாதன்னாரு."

"அவரு சொன்னாரா?"

"அவருதான். அப்புறம் நீ என்னப் பாக்கும்போதெல்லாம் நல்லாத்தான் பேசின. சரி, மாமா சொல்லிட்டாரு, அக்கா மன்னிச்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அன்றைக்கு மழை வரவே இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தூறியது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் மாத்திரை வாங்க மறந்துபோனாள். வழி நெடுக அவளுக்குள் ஓடியது சோயா இல்லை, மேகம் இல்லை. அவசரத்தில் ஒரு மனுஷன் தப்புச் செய்வான். அவளே இருந்திருந்தால்கூட ஒருவேளை மேகத்தைப் பார்த்துத் தடுமாறியிருப்பாள். அதை அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் செடியை முதன்முதலில் காட்டிய அன்றே கணவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மருந்துக்கடையில் போய்க் கத்தினான். தெரிந்துகொண்டே, வாய்க்கால் தண்ணியால்தான் எல்லாம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக் கொடுத்தான். தப்பு செய்தவளை மன்னிக்கிறவன் மாதிரி மன்னித்தான். இதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆனாலும் அவள் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பில் ஐந்து நாள் போனது. பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்து ஐந்து நாள் பறித்தார்கள். அவன் வாய் திறக்க அவள் வழியும் வைத்துக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நான் பல் புடுங்கப் போயிருந்தப்ப, மிஷின் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? மத்தியானம் இருக்கும்."

"மேகமா இருந்துச்சோ?"

"இருந்திருக்கும். ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

அவன் ஒரு செடியைத் திருகி இழுத்துச் சாக்கில் போட்டான். அடுத்த செடிக்குப் போனான். இன்னொரு நாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே, "தம்பிகிட்ட போய்க் கேட்டாத் தெரியுமோ என்னமோ" என்றாள். "அவன எதுக்கு வீணா இழுக்கிற? சொந்தத்துக்குள்ள மனஸ்தாபம் வேணாம்" என்றான் அவன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு டீச்சர் காரில் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். தெற்குப் பாதி பெரும்பாலும் சுத்தமாகிவிட்டிருந்தது. வடக்குப் பாதியில் முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சத்தில் செந்தண்டு நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் பச்சைக் கதிராகப் பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வயல்காரர் தன் வரப்பில் நின்று, தனக்குச் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார்.

டீச்சர் ஒரு பூக்கதிரைக் குடைக் கம்பியால் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு பறிச்சிருக்கீங்க. கையெல்லாம் கிழிஞ்சிருக்கு. எங்கேர்ந்துதான் வந்துச்சு இது?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"என்னத்தச் சொல்றது டீச்சர். இவ தம்பி மிஷின்ல வந்ததுதான். சுத்தம் பண்ணாம ஓட்டிட்டு வந்துட்டான். சொந்தக்காரன்னு நம்பி விட்டோம்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருப்பான் என்றுதான் நினைத்திருந்தாள். முகம் கொஞ்சமும் மாறாமல், கையை விரித்து, அவள் வீட்டு ஆளைத் தூக்கி அவள் எதிரிலேயே வைத்துவிட்டான்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சரி. முக்கால்வாசி முடிச்சிருக்கீங்க. நீங்க ரெண்டு பேரும் மனசு வெச்சா முடிச்சிடுவீங்கன்னு தெரியுது. இன்னும் ஒரு வாரம் தர்றேன்."

கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடித் திரும்பினான்.

"வேணாம் டீச்சர்" என்றாள் அவள். "வடக்குப் பாதிய உழுதுடுங்க."

"என்னது?"

"உழுதுடுங்க. ஆழமா ஒரு தடவ புரட்டிப் போட்டா விதை அடியில போயிடும்."

"என்னடி பேசற?" என்றான் கணவன். "அவங்களே டைம் தர்றாங்க. பயிர் போகும். ஏழு வருஷ மண்ணு போகும்."

"தெரியும்."

டீச்சர் குடையை மடக்கினார். வகுப்பில் ஒரு பிள்ளை விடையைத் தப்பாகச் சொன்னால் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏம்மா, உழக் கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவளே நீதான?"

"நான்தான் டீச்சர். ஆனா இது ஆளுக்கு நாலு வரிசை புடிச்சுப் பறிக்கிற வேலை. அவரு வரிசையில ஒரு செடி விட்டுப்போச்சுன்னா எனக்குத் தெரியாது. முடிச்சுட்டேன்னு அவரு சொல்றத வெச்சுத்தான் நான் அடுத்த வரிசைக்குப் போகணும். ஒரு செடியில லட்சம் விதை." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எந்தம்பி மிஷின ரோட்டுல நிறுத்தி ஊதத்தான் போனான். வயலுக்குள்ள கொண்டுவந்து ஊதச் சொன்னது இவரு. என்கிட்ட சொல்லாதேன்னதும் இவரு. இத்தன நாளும் தெரிஞ்சே கூட நின்னு பறிச்சாரு. இனிமே இவரு முடிச்சுட்டேன்னு சொன்னா, நான் திரும்பிப் போய் அந்த நாலு வரிசையையும் பாக்காம இருக்க முடியாது. எட்டு வரிசை பாக்க எனக்கு நேரம் இல்ல டீச்சர். பூ வந்தாச்சு."

பக்கத்து வயல்காரர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கணவன் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினான்.

"தெற்குப் பாதி?" என்றார் டீச்சர்.

"அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் நிக்குது. அத நான் ஒருத்தியே பாத்துக்குவேன்."

டிராக்டர் மறுநாள் காலையில் வந்தது. பின்னால் மண்ணைப் புரட்டிப் போடுகிற பெரிய கலப்பை. டிரைவர் வயலுக்குள் இறங்கும்முன் வண்டியை நிறுத்தி, எவ்வளவு ஆழம் என்று கேட்டான். கணவன் வரப்பில் குத்துக்கல்லாக நின்றிருந்தான். அவள்தான் பதில் சொன்னாள். ஒரு முழம் என்று கையை மடக்கிக் காட்டினாள். டயரைக் கழுவினாயா என்றும் கேட்டாள். அவன் கழுவவில்லை. கழுவ வைத்த பிறகுதான் இறங்கவிட்டாள்.

கலப்பை முதல் கோட்டைக் கிழித்தபோது அடி மண் கறுப்பாக, ஈரமாகப் புரண்டு மேலே வந்தது. மக்காச்சோளமும் செந்தண்டும் ஒன்றாகவே சாய்ந்து உள்ளே போயின. மண்புழுக்கள் வெயிலில் நெளிந்தன. எங்கிருந்தோ மைனாக்கள் வந்து டிராக்டருக்குப் பின்னாலேயே இறங்கி, பொறுக்கித் தின்றன. அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அழுதாள். டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை.

கணவன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றான். டிராக்டர் மூன்று தடவை போய்த் திரும்பியது.

"நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல" என்றான். "அப்புறம் நாள் ஆக ஆக, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நம்ப மாட்ட. ஆனா சத்தியமாச் சொல்றேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து உன்கிட்ட நான் மறைச்சது இந்த ஒண்ணுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்குப் பையை இடுப்பில் இழுத்துக் கட்டினாள்.

"அதையும் நீங்கதான சொல்றீங்க" என்றாள். தெற்குப் பாதிக்கு நடந்தாள்.